ஸ்குவாட்: ஆட்டம் கம்பெனியுடையது, சட்டம் ஆடுபவர்களுடையது

ஸ்குவாட் என்ற கணினிப் போர் ஆட்டத்தை வாங்கலாமா என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்று மொபைலில் சுடும் ஆட்டங்கள் ஆடிப் பழகியவர்கள். கணினி தாங்குமா, பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) எவ்வளவு வரும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் கீழே வருகிறது. ஆனால் இந்த ஆட்டம் உங்களுக்குப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும், எந்த சர்வரில் நுழைகிறீர்கள், அங்கே விதிமுறையை எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அதனால் இந்த விமர்சனத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு இடம் குறைவு. ஆடுபவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட சட்டத்துக்குத்தான் இடம் அதிகம்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பேட்டில்ஃபீல்டு 2-க்கு ரசிகர்கள் செய்த ‘ப்ராஜெக்ட் ரியாலிட்டி’ என்ற மாற்று வடிவத்தின் வழி வந்தது இது. தயாரிப்பு, கனடாவின் ஆஃப்வேர்ல்டு இண்டஸ்ட்ரீஸ். 2015 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் முன்னோட்டமாக வந்து, 2020 செப்டம்பரில் முழுதாக வெளியானது. பக்கத்துக்கு 50 பேர், மொத்தம் 100. ஒவ்வொரு பக்கமும் 9 பேர் வரை கொண்ட அணிகளாகப் பிரியும். அணிக்கு ஒரு ஸ்குவாட் லீடர், எல்லா அணிகளுக்கும் மேலே ஒரு கமாண்டர். பேசுவதற்கு மூன்று தடங்கள்: பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்று, அணிக்குள் ஒன்று, லீடர்கள் தங்களுக்குள் பேச ஒன்று. ரேடியோ நட்டு எஃப்ஓபி என்ற முன்னணித் தளம் அமைப்பது, அதில் செத்தவர்கள் மறுபடி வந்து இறங்கும் ஹாப் கட்டுவது, லாஜி என்ற சரக்கு லாரியில் பொருள் ஏற்றி வருவது எல்லாம் ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. இது தனி ஆளாகச் சுட்டுப் பேர் வாங்குகிற ஆட்டம் கிடையாது. அதை எதிர்பார்த்து வருபவர் ஒரு வாரத்தில் அழித்துவிடுவார்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த 100 பேரும் செய்யக்கூடிய அயோக்கியத்தனங்களில் பலவற்றை மென்பொருள் தடுப்பதில்லை. ஒருவர் தனியாக ஒரு டாங்க்கை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் நிறுத்தி, ஓட்டும் இருக்கைக்கும் சுடும் இருக்கைக்கும் மாறி மாறிச் சுடலாம். அந்த டாங்க் போனால் பக்கத்துக்கே பெரிய டிக்கெட் நட்டம் (டிக்கெட் தீர்ந்த பக்கம் தோற்கும்), அடுத்தது வர நெடுநேரம் ஆகும். லாஜி லாரியை முன்னணி வரை ஓட்டிப்போய்க் காட்டில் போட்டுவிட்டு நடந்து போகலாம். மெயின் எனப்படும் எதிரியின் தலைமைத் தள வாசலில் கண்ணிவெடி புதைத்துவிட்டு ஆட்டம் முழுக்க அங்கேயே படுத்திருக்கலாம். மைக் இல்லாமல் ஸ்குவாட் லீடர் ஆகலாம். இவற்றில் எதுவும் ஹேக் அல்ல. ஏமாற்று நிரல்களைப் பிடிக்கும் ஈஸி ஆன்ட்டிசீட் இவற்றைக் கண்டுகொள்ளாது. ஆனால் இவற்றில் இரண்டு நடந்தால் போதும், மீதி 98 பேரின் ஒரு மணி நேரம் வீண்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் சர்வர் விதிகள் வந்தன. சர்வர் கோப்புகளை ஸ்டீம்சிஎம்டி என்ற ஸ்டீம் கருவி வழியாக யார் வேண்டுமானாலும் இறக்கலாம். ஆஃப்வேர்ல்டு உரிமம் கொடுத்த சர்வர்கள் அதன் பொது வழிகாட்டுதலுக்குள் நடக்க வேண்டும். அதற்குமேல் சர்வர் நடத்துபவர் என்ன எழுதுகிறாரோ அதுதான் சட்டம். சிவகங்கைப் பக்கம் வடமாடு மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் ஒரு காளைக்கு 9 பேர் குழு, குறித்த நிமிடம், எதைப் பிடிக்கலாம் எதைப் பிடிக்கக்கூடாது என்பதைக் கமிட்டி மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். மீறினால் வெளியே. மாட்டுக்கு விதி தெரியாது, விதி ஆட்களுக்குத்தான்.

விதிகளிலேயே முக்கியமானது வாகன உரிமை. ஆடுபவர்கள் கிளெய்ம் என்பார்கள். சர்வருக்கு சர்வர் சொற்கள் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். அணி உருவாக்கும்போதே பெயரில் வாகனத்தைச் சொல்ல வேண்டும்: டாங்க்குக்கு எம்பிடி, காலாட்களைச் சுமக்கும் கவச வண்டிக்கு ஐஎஃப்வி, ஹெலிகாப்டருக்கு ஹெலி, லாரிக்கு லாஜி. ஒரே பெயரில் இரண்டு அணிகள் வந்தால் முதலில் உருவானதற்கே உரிமை. ஓர் அணிக்கு ஒரு வகை வாகனம்தான். கவச வண்டியில் குறைந்தது இருவர் வேண்டும், ஓட்டுநர் ஒருவர், சுடுநர் ஒருவர். ஹெலிகாப்டரைத் தனியாக ஓட்டப் பல சர்வர்களில் அனுமதி உண்டு. வாகனம் வெடித்தாலும் அணி இருக்கும்வரை உரிமை போகாது, அடுத்த வண்டியும் அவர்களுக்கே. அணி கலைந்தால் உரிமையும் கலைந்தது.

இந்த விதி ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று பாருங்கள். அணி உருவாகும் ஒவ்வொரு முறையும் யார், எந்தப் பெயரில், எந்தப் பக்கத்தில் உருவாக்கினார் என்ற வரி ஆர்கான் எனப்படும் தொலைக் கட்டுப்பாட்டுப் பதிவில் வந்துவிடும். “நான்தான் முதலில்” என்று இருவர் கத்தினாலும் அட்மின் அந்த இரண்டு வரிகளைப் பார்த்து அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். வாதமே தேவையில்லை. வீரர்கள் எழுதும் விதிகளை எடைபோட இதைவிட நல்ல படி கிடையாது: மீறல் நடந்ததா இல்லையா என்று அட்மின் பதிவையோ வரைபடத்தையோ பார்த்து உடனே சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது விதி. முடியாவிட்டால் அது சண்டைக்கு விதை.

சண்டைக்கு விதையாகும் விதிகளுக்கும் பஞ்சமில்லை. “வாகனத்தை வீணாக்கக் கூடாது” என்று பல சர்வர்களில் ஒரு வரி இருக்கும். எது வீண்? ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் டாங்க்கை எதிரியின் ஏவுகணை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர் கத்துக்குட்டியா, வேண்டுமென்றே செய்தவரா? பதிவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அட்மின் அன்றைய மனநிலைப்படி முடிவெடுப்பார், மறுநாள் டிஸ்கார்டில் (ஆடுபவர்கள் கூடும் அரட்டைச் செயலி) நூறு செய்தி ஓடும். இதே கருத்தை “கவச வண்டியை மூன்று முறை தனி ஆளாக எடுத்தால் அந்த ஆட்டம் முடியும்வரை வண்டி கிடையாது” என்று எழுதிய சர்வரில் இந்தத் தகராறு வருவதில்லை.

மெயின் கேம்பிங், அதாவது எதிரியின் மெயின் வாசலில் பதுங்கிக் காத்திருந்து சுடுவது, இதைவிடச் சிக்கலானது. எதிரி முதலில் வந்து இறங்கும் தளத்தைச் சுற்றி ஆட்டமே ஒரு பாதுகாப்பு எல்லை போட்டிருக்கிறது. அதற்குள் நுழைந்தால் அடி விழும். ஆனால் எல்லைக்குக் கொஞ்சம் வெளியே, தளத்தில் இருந்து வரும் ஒரே சாலையில் காத்திருந்தால்? அதனால் சர்வர்கள் தங்கள் பங்குக்குத் தூரம் குறிக்கின்றன. வரைபடக் கட்டத்தை வைத்துச் சொல்கிற சர்வர் நல்ல சர்வர். “மெயினுக்கு அருகில்” என்று மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். இன்னொரு நியாயமான விலக்கும் வேண்டும்: எதிரி தன் மெயினுக்குள் நின்றுகொண்டே வெளியே சுட்டால் திருப்பிச் சுடலாம். எதிரியின் கடைசிக் கொடியே (பிடிக்க வேண்டிய இடம்) மெயினுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கொடியைச் சுற்றிச் சண்டை போடலாம். இந்த இரண்டு விலக்கும் எழுதப்படாத சர்வரில் நல்லவர்களும் மாட்டுவார்கள்.

சீடிங் விதி புதிதாக வருபவர்களைத்தான் அதிகம் குழப்பும். காலியாகக் கிடக்கும் சர்வரை நிரப்ப முதலில் பத்து இருபது பேர் வந்து ஆட வேண்டும். அப்போது முழு வரைபடத்தையும் திறந்துவிட்டால் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள், சலித்து வெளியேறிவிடுவார்கள். அதனால் ஆள் சேரும்வரை நடுக்கொடியில் மட்டும் சண்டை, எதிரியின் ரேடியோவைத் தேடிப் பிடுங்கக் கூடாது, கனரக வண்டிகள் வேண்டாம். எத்தனை பேர் சேர்ந்ததும் ‘லைவ்’ என்பது சர்வரைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கை வந்ததும் திரையில் அறிவிப்பு வரும், அதற்குப் பிறகு எல்லாம் திறந்துவிடும். இதற்கென்றே தனி சீடிங் வரைபடங்களும் ஆட்டத்தில் உண்டு. காலை நேரத்தில் உள்ளே நுழைந்து, நாற்பது பேருக்குக் குறைவாக இருப்பதைக் கவனிக்காமல் ரேடியோவைத் தோண்டிய புதியவர், எச்சரிக்கை வந்ததும் “என்னடா இது, எதிரி ரேடியோவை எடுக்கக்கூடாதா?” என்று ஆத்திரப்படுவது வாடிக்கை. மேலே வரும் செய்தியை வாசித்தால் போதும்.

தன் பக்கத்து ஆளையே சுட்டுவிட்டால் எல்லோரும் பார்க்கும் அரட்டையில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். இந்த ஆட்டத்தில் யார் நம்ம ஆள் என்று தலைக்குமேல் பெரிதாக எழுதிக் காட்டுவதில்லை. புகையில், மரத்தடியில் தவறிச் சுடுவது சகஜம். உடனே ‘சாரி’ என்று தட்டியவருக்கும், தட்டாமல் இன்னொருவரைச் சுட்டவருக்கும் உள்ள வேறுபாடு அட்மினுக்கு முதல் தடயம். அரட்டைப் பதிவில் நேரத்தோடு நிற்கிறது, மறுக்க முடியாது. ஸ்குவாட்ஜேஎஸ் என்ற இலவச நிரலை இணைத்திருக்கும் சர்வர்களில், நீங்கள் சுட்டதுமே மன்னிப்புக் கேட்கச் சொல்லித் திரையில் எச்சரிக்கை வந்துவிடும்.

அந்த ஸ்குவாட்ஜேஎஸ் பற்றி இரண்டு வார்த்தை. அதில் தேவையான துணை நிரல்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த அணியிலும் சேராமல் சும்மா நிற்பவரை எச்சரித்து, சில நிமிடத்தில் வெளியே அனுப்புவது ஒன்று. சீடிங் விதியை இடைவெளி விட்டு அறிவிப்பது ஒன்று. ஆடுபவர் அரட்டையில் ஆச்சரியக்குறி போட்டு அட்மின் என்று எழுதினால் அதை டிஸ்கார்டுக்குக் கடத்துவது ஒன்று. 2000-களில் பிரவுசிங் சென்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிய தலைமுறைக்கு ஏடபிள்யூபி என்ற தொலைநோக்கித் துப்பாக்கிக்குப் போட்ட தடை நினைவிருக்கும். முதலில் அது வாய்ப்பேச்சு ஒப்பந்தம், பிறகு ஏஎம்எக்ஸ் மாட் எக்ஸ் நிரலில் ஆயுதத் தடை வந்ததும் ஆட்டத்துக்குள் இருக்கும் ஆயுதக் கடையில் வாங்கவே முடியாமல் போனது, சண்டையும் முடிந்தது. ‘கேம்ப் அடிக்காதே’ என்ற விதி மட்டும் கடைசிவரை நிரலுக்குள் போகவில்லை. அதற்காகத்தான் கீபோர்டுகள் உடைந்தன. இங்கேயும் அதே கதை. எண்ணக்கூடியதை நிரல் பார்த்துக்கொள்ளும், எண்ணமுடியாததற்கு அட்மின் வேண்டும்.

அட்மின் தரப்பில் என்ன இருக்கிறது? எச்சரிக்கை, வெளியேற்றம், தடை, அணியைக் கலைத்தல், ஆளை அடுத்த பக்கத்துக்கு மாற்றுதல், கமாண்டரை இறக்குதல், எல்லோருக்கும் அறிவிப்பு. இவை எல்லாம் தனித்தனி உத்தரவுகள். யாருக்கு எந்த உத்தரவு என்பதை சர்வரின் அட்மின் கோப்பில் குழுவாகப் பிரித்து எழுதலாம். கேமராவாகப் பறந்து பார்க்கும் வசதியும் உண்டு. இங்கேதான் கோளாறு தொடங்குகிறது. ஆடிக்கொண்டே அட்மினாக இருப்பவர் கேமராவில் எதிரியின் ஹாப்பைப் பார்த்துவிட்டு மறுபடி தன் அணிக்குத் திரும்பினால் அது பார்க்காததாகிவிடுமா? நல்ல சர்வர்களில் கேமரா எடுத்தால் டிஸ்கார்டில் தானாகப் பதிவாகும், அந்த ஆட்டத்தில் தன் பக்கத்துக்குத் தகவல் சொல்லக்கூடாது என்று அட்மின்களுக்கும் விதி இருக்கும். ஆடுபவர்களுக்கு இருபது வரி எழுதிவிட்டு அட்மினுக்கு ஒரு வரிகூட எழுதாத சர்வரைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று, ரிசர்வ் இடம். சர்வர் வாடகைக்காக நன்கொடை கொடுத்தவர்களுக்கு வரிசையில் நிற்காமல் உள்ளே வரும் உரிமை தருவார்கள். அதில் தவறில்லை, வாடகை யாராவது கட்டத்தானே வேண்டும். ஆனால் நன்கொடையாளருக்கும் அதே தண்டனைதான் என்று விதியில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். தடைகளைப் பல சர்வர்கள் பேட்டில்மெட்ரிக்ஸ் போன்ற சேவையில் பதிந்து வைப்பதோடு, பட்டியலைப் பகிர்ந்தும் கொள்கின்றன. ஓர் இடத்தில் வாங்கிய கெட்ட பெயர் இன்னொரு வாசலுக்கும் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். எனவே தவறான தடை என்றால் டிஸ்கார்டில் முறையீட்டுப் பகுதியில் அமைதியாக எழுதுங்கள்: ஸ்டீம் எண், தேதி, நேரம், எந்த வரைபடம், கையில் இருந்தால் வீடியோ. திட்டி எழுதிய முறையீடு வென்றதாகச் சரித்திரம் இல்லை.

தமிழில் ஆடுவோருக்குத் தனியாகச் சில. நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் சர்வர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் பக்கம்தான். அங்கே “ஸ்குவாட் லீடருக்கு மைக் கட்டாயம், லீடர் தடத்தில் ஆங்கிலம்” என்பது பொதுவான விதி. அணிக்குள் தமிழில் பேசத் தடையில்லாத சர்வர்கள் நிறைய. அணிப் பெயரில் தமிழ் என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துவிட்டால் வேற்று மொழிக்காரர் தெரியாமல் நுழைந்து முழிக்க மாட்டார். லீடர் தடத்தில் இலக்கணம் தேவையில்லை: திசையை டிகிரியில், தூரத்தை மீட்டரில், என்ன பார்த்தீர்கள் என்பதை ஒரு சொல்லில். “320, டாங்க், 400” என்றால் முடிந்தது. “அண்ணே அந்தா அந்த மரத்துக்குப் பக்கத்துல” என்பது அணிக்குள்ளேயே உதவாது.

விதிப் பட்டியலில் இல்லாத, நம்ம ஊருக்கு மட்டும் தேவையான ஒரு விதி உண்டு. இனவெறிச் சொல்லுக்குத் தடை என்று எல்லா சர்வரிலும் முதல் வரியில் இருக்கும். சாதிப் பெயரைப் பட்டமாக வைத்துக்கொண்டு வருபவரையோ, எதிராளியை ஊர்ப் பெயர் வைத்துச் சாதி சொல்லிச் சீண்டுபவரையோ சிங்கப்பூர் அட்மினுக்கு அடையாளம் தெரியாது. அவருக்கு அது வெறும் பெயர். பிஜிஎம்ஐ ரூம்களில் இது எவ்வளவு சீக்கிரம் நிஜச் சண்டையாகிறது என்று தென்மாவட்டத்தில் ரூம் நடத்தியவர்கள் அறிவார்கள். ஆகவே தமிழ்க் குழு அமைப்பவர்கள் “பெயரிலோ டேக்கிலோ சாதி, கட்சி கூடாது, மாற்றும்வரை இடம் இல்லை” என்ற வரியைத் தங்கள் டிஸ்கார்டில் முதலில் போட்டுவிடுங்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும், விசாரணை தேவையில்லை. இதற்கு எந்த அட்மினும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்.

இதே வகையைச் சேர்ந்த ஹெல் லெட் லூஸ் இதைவிட மேலா என்று கேட்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் களம், 2021 ஜூலையில் முழு வெளியீடு, அங்கேயும் 50-க்கு 50. காலாட்படை அணிக்கு 6, டாங்க் அணிக்கு 3, உளவு அணிக்கு 2 என்று அமைப்பே கட்டுப்படுத்துவதால் கிளெய்ம் தகராறு குறைவு. விதிகளும் பெரும்பாலும் இதே வகை: ஆபீசருக்கு (அங்கே அணித் தலைவர்) மைக், தனி ஆளாக டாங்க் கூடாது, சீடிங்கில் நடுப்புள்ளி மட்டும். அங்கே சமூகம் எழுதிய சிஆர்கான் என்ற கருவி மெச்சத்தக்கது. ஆபீசர் இல்லாத அணியைத் தானாகக் கண்டுபிடித்து, முதலில் செய்தி அனுப்பும், பிறகு ஆளைச் சாகடிக்கும், அதற்குப் பிறகும் திருந்தாவிட்டால் வெளியே தள்ளும். படிப்படியான தண்டனையைக் கருவியே நடத்துவதால் அட்மின் மேல் கோபம் வராது. புதியவர் ஒருவர் ஒரே ஓர் ஆட்டம்தான் வாங்க முடியும் என்றால், பழகுவதற்கு ஹெல் லெட் லூஸ் எளிது. ஒன்பது பேர் கூட்டமாக வருகிறீர்கள், வாரத்தில் இரண்டு இரவு உட்காருவீர்கள் என்றால் ஸ்குவாட்.

கணினியே இல்லாதவர்களுக்கு பிஜிஎம்ஐ கஸ்டம் ரூம்தான் (நாமே அமைத்து ஆட்களை அழைக்கும் தனி ஆட்டம்) களம். விதி எழுதுவதை அங்கேயும் இதே படியால் அளக்கலாம். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கஸ்டமில் கேரக்டர் திறன், துப்பாக்கி ஸ்கின் தரும் கூடுதல் பலம் இரண்டையும் ரூம் அமைப்பிலேயே அணைக்கலாம் என்பதால் அவற்றைப் பற்றி விதி எழுதவே வேண்டாம். அணைத்துவிட்டு விளையாடுங்கள். பிஜிஎம்ஐயில் அட்மினுக்கு எஞ்சுவது வரிசையும் நேரமும் புள்ளியும். 100 பேர் ரூமில் நால்வர் அணிக்கு 25 ஸ்லாட். முதல் ஒன்றிரண்டை நடத்துபவர்களுக்கு ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அணிகளுக்குக் கொடுப்பது வழக்கம்.

நம்ம பக்கம் விடுதியிலோ தெருவிலோ ரூம் போடுபவர்கள் இப்படி எழுதினால் போதும். 9:00 மணிக்கு ஆட்டம் என்றால் ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் 8:45-க்கு. அதை வெளியாருக்குக் கொடுத்த அணி அன்றைக்கு இல்லை. பதிந்த ஐடியைத் தவிர வேறு ஐடி உள்ளே வந்தால் கிக். தவறான ஸ்லாட்டில் உட்கார்ந்தால் ஒரு எச்சரிக்கை, மறுபடியும் என்றால் கிக். 9:00-க்கு வராதவருக்குக் காத்திருப்பு இல்லை. புள்ளி முதல் எட்டு இடத்துக்கு 10, 6, 5, 4, 3, 2, 1, 1, அதோடு கில் ஒன்றுக்கு ஒரு புள்ளி. சமமானால் முதலில் வெற்றி எண்ணிக்கை, பிறகு இடப் புள்ளி, பிறகு கில். இரண்டு அணிகள் கூட்டுச் சேர்ந்ததாகப் புகார் என்றால் முப்பது நிமிடத்துக்குள் திரைப்பதிவு கொடுக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. ஒரு படத்தில் இருவர் பக்கத்தில் நிற்பது எதையும் நிரூபிக்காது, சுடாமல் நகர்ந்தார்களா என்பது வீடியோவில்தான் தெரியும்.

மின்தடைக்கு ஒரு வரி கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே அறிவிக்கும் பகலில் போட்டியே வைக்காதீர்கள். அறிவிக்காமல் போகிற கரண்டுக்கு: முதல் வட்டம் மூடுவதற்குள் மூன்று அணிகளுக்கு மேல் ஒரே சமயத்தில் இணைப்பு அறுந்தால் மறு ஆட்டம், மற்றபடி கிடையாது. எண்ணிக்கை எழுதாமல் “நியாயமான காரணம் இருந்தால் மறு ஆட்டம்” என்று விட்டால் தோற்ற ஒவ்வொரு அணிக்கும் கரண்டு போயிருக்கும்.

பிஜிஎம்ஐயின் வேர்ஹவுஸ் வரைபடத்தில் டிடிஎம் (இரு அணி நேரடி மோதல்) நாலுக்கு நாலு, 40 கில் அல்லது 10 நிமிடம். இங்கே வரும் ஒரே பெரிய தகராறு ஸ்பான் கேம்பிங், அதாவது எதிரி மறுபடி வந்து இறங்கும் இடத்திலேயே காத்திருந்து சுடுவது. எந்தப் பெட்டிக்கு அப்பால் போகக்கூடாது என்று வரைபடத்தில் கோடு போட்ட படத்தை குரூப்பில் பின் செய்யுங்கள். வார்த்தையில் எழுதினால் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி தெரியும்.

இனி வீட்டுக் கணக்கு. செட்டிநாட்டு வீடுகளில் நெட் முகப்பில் வந்து நிற்கும், கணினி இரண்டாம் கட்டில் இருக்கும். இடையில் வளவு என்ற திறந்த முற்றம், கனத்த சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவர்களைத் தாண்டாது. 2.4 தாண்டினாலும் பிங் குதிக்கும், குதிக்கிற பிங்கோடு ஹெலிகாப்டர் ஓட்டினால் ஒன்பது பேரையும் கொன்றுவிட்டு ‘வேண்டுமென்றே’ என்ற குற்றச்சாட்டையும் வாங்குவீர்கள். கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வளவின் தாழ்வார ஓரமாக, வெயிலும் மழையும் படாத பக்கம் இழுத்துவிடுங்கள். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ். டெஸ்க்டாப்பையும் அதில் போடுவதாக இருந்தால் பெரிய யுபிஎஸ் வேண்டும். விடுதி வைஃபையில் ஆட்டத் தரவு போகும் யுடிபி வழிகளை அடைத்திருப்பார்கள், சர்வர் பட்டியல் தெரியும், உள்ளே நுழையாது. அதை விடுதி நிர்வாகம்தான் திறக்க முடியும், விபிஎன் போட்டால் பிங் கெடும்.

மைக் கட்டாயம் என்ற விதி இங்கே வீட்டுச் சட்டத்தோடு மோதும். திறந்த வளவில் இரவு பத்து மணிக்கு மேல் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். அப்பத்தா எந்திரிச்சுட்டாகன்னா அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். சுவர் அறைக்குள் உட்காருங்கள். தலையில் மாட்டும் மைக்கை வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்து மெதுவாகப் பேசினாலும் எதிர்முனையில் தெளிவாகக் கேட்கும். மேசை மைக் விசிறிச் சத்தத்தைத்தான் முதலில் பிடிக்கும். ஸ்குவாட்டில் விசையை அழுத்தினால்தான் பேச்சு போகும் என்பது இந்த விஷயத்தில் வசதி. மைக் இல்லாத இரவில் லீடர் ஆகாதீர்கள், மருத்துவர் பாத்திரம் எடுத்து லீடர் பின்னால் போங்கள். கேட்டால் போதும், விதி மீறலும் வராது.

கணினிக்கு 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு மூன்றும் இல்லாமல் முயல வேண்டாம். ஹார்ட் டிஸ்கில் போட்டால் வரைபடம் ஏறுவதற்குள் தொடக்கக் காத்திருப்பு முடிந்து, நீங்கள் நினைத்த கிளெய்மை வேறொருவர் எடுத்திருப்பார். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல, முதலில் உருவாக்கியவருக்கே வாகனம் என்ற விதியில் மெதுவான டிஸ்க் நேரடி நட்டம்.

வாங்குவதை ஸ்டீம் தள்ளுபடி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்குவாட் விலை அடிக்கடி இறங்கும். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இங்கே கவனம் தேவை: நிறைந்த சர்வரின் வரிசையில் ஆட்டத்தைத் திறந்துவைத்து நிற்கும் நேரமும் அந்த 2 மணியில் சேரும். ஆகவே முதல் நாள் சர்வர் விதிகளை அந்தந்தச் சர்வரின் டிஸ்கார்டில், ஆட்டத்தைத் திறக்காமலே படித்துவிடுங்கள். பிறகு பயிற்சிக் களத்தில் இருபது நிமிடம். அதில் கணினி திணறுகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, காலையில் சீடிங் நடக்கும் ஒரு சர்வரில் ஒரு மணி நேரம். அங்கே வரிசை இருக்காது, ஆள் குறைவாக இருப்பதால் கேட்டால் சொல்லித் தருவார்கள், சர்வர் நிரம்ப உதவியவர்களுக்குச் சில இடங்களில் ரிசர்வ் இடமும் கொடுக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அட்மின் எச்சரிக்கை கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். விதி எண்ணைச் சொல்லிக் கொடுக்கிறாரா, வெறுமனே அதட்டுகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, சர்வரை மாற்றினால் போதும்.